பால் கொடுத்தால் பயமில்லையா?

மரக்காணம் பக்கத்தில் வயதான பெண்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வார்த்தை ஒன்று உண்டு. "புள்ள பால் குடிக்கிற வரைக்கும் பயமில்ல." பிள்ளை பெற்றவள் மறுபடி தலைக்குக் குளிக்கிறவரை, அதாவது மாதவிலக்கு வருகிறவரை, அடுத்தது தங்காது, மார்பில் பால் இருக்கும்வரை குளியலும் வராது என்று அதற்குப் பொருள். மாமியார் மருமகளிடம் சொல்வாள், அக்காள் தங்கையிடம் சொல்வாள், தண்ணீர்க் குழாயடியில் பேச்சோடு பேச்சாக யாராவது சொல்லிவிட்டுப் போவார்கள். இந்தக் கடற்கரையில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அனுமந்தை, கூனிமேடு, கந்தாடு என்று ஊர் ஊராக நடந்த காலத்தில் இந்த வார்த்தை காதில் விழாத தெருவே அநேகமாக இல்லை.

அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனம் வந்ததில்லை. அதைச் சொன்ன பெண்களின் வாழ்க்கையில் அது பெரும்பாலும் உண்மையாகவே இருந்தது. அவர்களுடைய பேத்திகளுக்குத்தான் அது பலிக்கவில்லை. ஏன் பலிக்கவில்லை என்பதை யாரும் அவர்களுக்கு உட்கார வைத்துச் சொல்வதும் இல்லை. ஆகவே சொல்கிறேன்.

முன்பெல்லாம் உப்பளத்து வேலைக்குப் போகும் தாய் பிள்ளையையும் இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் போவாள். வரப்போரம் பனையோலைச் சாய்ப்பு ஒன்று இருக்கும். அதன் நிழலில் பழைய புடவையில் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு உப்பு சுமப்பாள். நாலு நடை சுமந்ததும் பிள்ளை சிணுங்கும். கூடையை இறக்கி வைத்து, கொண்டுவந்த நல்ல தண்ணீரில் கையை அலசி, முந்தானையால் மார்பைத் துடைத்துக்கொண்டு பால் கொடுத்துவிட்டு எழுவாள். அந்த வெயிலும் உப்புக் காற்றும் வெள்ளைக் கூச்சமும் ஒரு பச்சைப் பிள்ளைக்கு நல்ல இடம் என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் அங்கே பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் பகலும் இரவும் பிள்ளை தாயின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கேட்டபோதெல்லாம் பால் கிடைத்தது.

காரணம் அங்கேதான் இருக்கிறது. பிள்ளை மார்க்காம்பைச் சப்பும்போது அந்தச் செய்தி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி புரோலாக்டினைச் சுரக்கிறது. பாலை ஊற வைப்பது அதுதான். அதே நேரத்தில், சூலகத்தை எழுப்பிவிட மூளை விட்டு விட்டு அனுப்பும் ஹார்மோன் துடிப்பு தடுமாறிப் போகிறது. சூலகம் உறங்குகிறது, முட்டை முதிர்வதில்லை, மாதவிலக்கும் வருவதில்லை. மார்பில் எவ்வளவு பால் இருக்கிறது என்பது இங்கே கணக்கே அல்ல. பிள்ளை எத்தனை தடவை சப்புகிறது, ஒரு தடவைக்கும் மறு தடவைக்கும் இடையில் எவ்வளவு நேரம் போகிறது, இரவில் குடிக்கிறதா என்பவைதான் கணக்கு. இடைவெளி நீண்டுவிட்டால் சூலகம் விழித்துக்கொள்ளும்.

ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைநிலத்தில் வாழும் குங் இனப் பெண்களைப் பற்றி மெல்வின் கானர், கரோல் வொர்த்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 1980இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். கருத்தடை என்பதையே அறியாத அந்தப் பெண்களுக்கு ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் சராசரியாக 44 மாத இடைவெளி இருந்தது. அந்தத் தாய்மார்கள் பிள்ளையை உடம்போடு கட்டிக்கொண்டு திரிந்தார்கள். பிள்ளை மணிக்குப் பல தடவை, ஒவ்வொரு தடவையும் ஓரிரு நிமிடம் மட்டும், சப்பிக்கொண்டே இருந்தது. இதைப் படித்தபோது எனக்கு நம்முடைய அளத்து ஆயாக்கள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

1988இல் இத்தாலியின் பெல்லாஜியோ என்ற ஊரில் பல நாட்டு மருத்துவர்களும் ஆய்வாளர்களும் கூடி, இதற்கு ஒரு வரையறை சொன்னார்கள். மூன்று நிபந்தனைகள். பிள்ளைக்கு ஆறு மாதம் முடியாமல் இருக்க வேண்டும். தாய்க்கு மாதவிலக்கு திரும்பாமல் இருக்க வேண்டும். பிள்ளை முழுக்க, அல்லது ஏறக்குறைய முழுக்க, தாய்ப்பாலையே குடிக்க வேண்டும். மூன்றும் சேர்ந்திருந்தால் கர்ப்பம் தரிக்காமல் இருக்க 98 விழுக்காடு வாய்ப்பு உண்டு. பகலில் நாலு மணி நேரத்துக்கு மேலும், இரவில் ஆறு மணி நேரத்துக்கு மேலும் இடைவெளி விழக்கூடாது என்று பின்னால் விளக்கம் சேர்த்தார்கள். மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தக் காவல் போய்விடும். ஆயாக்களின் வார்த்தையில் இந்த நிபந்தனைகள் இல்லை. அவர்களுடைய வாழ்க்கையிலேயே அவை அடங்கியிருந்ததால் தனியாகச் சொல்ல வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை.

இப்போது மரக்காணத்து மருமகளின் ஒரு நாளைப் பாருங்கள். ஜனவரியில் பாத்தி கட்டத் தொடங்கி, சித்திரை வைகாசி வெயிலில் உச்சத்துக்கு ஏறி, ஐப்பசி மழை இறங்கும்வரை நீளும் வேலை இது. வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும் என்பதால் இருட்டிலேயே கிளம்புகிறார்கள். ஆண்கள் பாத்தியில் இறங்கி உப்பை வாரிக் கூட்ட, பெண்கள் கூடையில் அள்ளித் தலையில் வைத்து வரப்பின் மேல் நடந்து அம்பாரத்தில் கொட்டுகிறார்கள். பிள்ளையை அளத்துக்குக் கொண்டுபோகும் வழக்கம் குறைந்துவிட்டது. அதை நான் வரவேற்கிறேன். பிள்ளை வீட்டில் ஆயாவிடம் இருக்கிறது. அழுதால் புட்டிப்பால், இல்லையென்றால் டீயில் நனைத்த பிஸ்கட். தாய் திரும்பி, உப்புத் தண்ணீர் போகக் குளித்து, பிள்ளையைக் கையில் வாங்கும்போது நண்பகல் நெருங்கியிருக்கும். ஏழெட்டு மணி நேரம் ஒரு தடவைகூடப் பிள்ளை சப்பவில்லை.

நடுவில் என்ன நடக்கிறது என்று அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். மார்பு கல்லாகக் கட்டிக்கொள்ளும். ரவிக்கையின் முன்பக்கம் நனைந்து, அதன்மேல் உப்புத் தூள் ஒட்டிக் காய்ந்து வெள்ளையாக விறைத்துப் போயிருக்கும். வலி தாங்காமல் ஒருத்தி கூடையை வைத்துவிட்டுச் சீமைக் கருவேல மறைவில் போய்க் குந்துவாள். பாலை மண்ணில் பீய்ச்சி விடுவாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி கூடையைத் தூக்குவாள். பிள்ளைக்கு நாலைந்து மாதம் ஆகியிருக்கும். அவளைக் கேட்டால், "நான் தாய்ப்பால்தான் கொடுக்கிறேன் நர்சம்மா" என்பாள். அவள் பொய் சொல்லவில்லை. இரவெல்லாம் கொடுக்கிறாள். ஆனால் பகலின் அந்தப் பெரிய இடைவெளியில் அவளுடைய சூலகம் விழித்துக்கொள்ளப் போதுமான நேரம் இருக்கிறது.

வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கு இந்தக் காவல் எவ்வளவு நிற்கும் என்று சிலி நாட்டின் சாந்தியாகோ நகரில் ஆராய்ந்து 2000இல் வெளியிட்டார்கள். அந்தப் பெண்கள் வேலையிடத்தில் பாலைப் பீய்ச்சி எடுத்து வைத்து, அதைத்தான் பிள்ளைக்குக் கொடுத்தார்கள். வேறு எதுவும் கொடுக்கவில்லை. அப்படியும் ஆறு மாதத்துக்குள் நூற்றுக்கு ஐந்து பேர் என்ற அளவில் கர்ப்பம் தரித்தது. வீட்டில் பிள்ளையோடு இருக்கும் தாய்க்கு அது நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. பாலைச் சேர்த்து வைக்க ஒரு பாத்திரமோ நிழலோ இல்லாத அளத்துப் பெண்ணின் நிலைமையை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

அடுத்ததுதான் முக்கியம். தாய்மார்கள் பலருக்கும் தெரியாதது இது. பலருக்கு முட்டை முதலில் வெளியாகிறது, மாதவிலக்கு அதற்குப் பிறகுதான் வருகிறது. முட்டை வந்து, கரு தங்காமல் போனால், ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து உதிரம் இறங்குகிறது. பாத்தியில் உப்பு பூத்துக் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே நீர் கனத்துப் போயிருப்பதை அளத்துக்காரர்கள் அறிவார்கள். அதேபோல், உதிரத்தைக் கண்ணால் பார்க்கும் நாளுக்கு முன்பே உடம்பு கருத்தரிக்கத் தயாராகி விட்டிருக்கலாம். பிள்ளை பெற்ற பிறகு வரும் முதல் முட்டையிலேயே கரு தங்கிவிட்டால் அந்தப் பெண் தலைக்குக் குளிப்பதே இல்லை. ஒரு கர்ப்பத்திலிருந்து மறு கர்ப்பத்துக்கு நேராகப் போய்விடுகிறாள்.

அப்படி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருத்தியின் நினைவு மட்டும் இன்னும் அகலவில்லை. கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போடுவதற்காக வந்தாள். குழந்தை இளைத்திருந்தது. அவள் அதைவிட இளைத்திருந்தாள். வயிறு மட்டும் முன்னால் தெரிந்தது. கேட்டபோது, "வாயுக்கா. இன்னும் குளிக்கவே இல்ல, பால் குடிக்கிறான் இல்ல" என்றாள். கையை வைத்துப் பார்த்தேன். குழந்தை உள்ளே அசைந்தது. ஐந்து மாதம் முடிந்திருந்தது. அவள் முகம் போன போக்கை என்ன சொல்லி எழுதுவது? கூட வந்த மாமியார் என்னைப் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிரசவம் முடிவதற்குள் அவளுக்கு இரண்டு தடவை ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. இப்படிக் கண்டுபிடித்தவர்கள் சிலர், யாரிடமும் சொல்லாமல் மருந்துக்கடையில் கலைப்பு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, உதிரம் நிற்காமல் திண்டிவனத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் ஓடியிருக்கிறார்கள். நாள் கடந்த கர்ப்பத்தில் அந்த மாத்திரை உயிரோடு விளையாடுவது. ஒரு பிரசவத்துக்குப் பிறகு அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது 24 மாதமாவது இடைவெளி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதற்குக் காரணங்கள் இப்படி உடம்பில்தான் எழுதியிருக்கின்றன.

ஆகவே மருமகள்களே, தலைக்குக் குளிக்கும் நாளுக்காகக் காத்திருந்துவிட்டுப் பிறகு செவிலியரைத் தேடிப் போகாதீர்கள். பிள்ளைக்கு ஒன்றரை மாதத்தில் தடுப்பூசி போடப் போகிறீர்கள் அல்லவா, அன்றைக்கே உங்களைப் பற்றியும் பேசிவிட்டு வாருங்கள். தாய்ப்பாலே கொடுக்காதவர்களுக்கு அவசரம் இன்னும் அதிகம். அவர்களுக்குப் பிரசவமான 25ஆவது நாளை ஒட்டியே முட்டை வெளியானது பதிவாகியிருக்கிறது. ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் மாதவிலக்கு வந்துவிடலாம்.

முதல் மாதவிலக்கைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதைப் பற்றிய பயம் பலருக்கு இருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு நாலு முதல் ஆறு வாரம்வரை படுகிற உதிரம் மாதவிலக்கு அல்ல. அது கருப்பை தன்னைத் துப்புரவு செய்துகொள்வது. முதலில் சிவப்பாக, பிறகு பழுப்பாக, கடைசியில் வெளுத்துப் போகும். இரண்டு மாதம் கடந்த பிறகு அடுத்தடுத்து இரண்டு நாள் உதிரம் பட்டால் அதை மாதவிலக்கு என்று எடுத்துக்கொள்ளலாம். அது முன்புபோல் இருக்காது. சிலருக்கு அதிகமாகப் போகும், சிறு கட்டிகள் விழும். சிலருக்குக் கறைபோல் வந்து நின்றுவிடும். ஒரு மாதம் வந்து இரண்டு மாதம் வராமல் போகும். பால் கொடுக்கிறவர்களுக்கு இந்த ஒழுங்கீனம் சில மாதங்கள் நீடிப்பது வழக்கம்தான். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரம் தொடர்ந்து நனைந்தாலோ, எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிய கட்டிகள் விழுந்தாலோ, நாற்றமும் காய்ச்சலும் சேர்ந்து வந்தாலோ, "மொத தடவ அப்படித்தான்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இனி, பாலைப் பற்றிய ஒரு கொடுமை. தாய் குளித்துவிட்டால் பால் கெட்டுப்போகும், பிள்ளைக்கு மாந்தம் வரும் என்று சொல்லிப் பாலை நிறுத்தச் செய்யும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஓரமாக உட்கார வைத்துப் பிள்ளையைத் தொடாதே என்று சொல்லும் வீடுகளும் இருக்கின்றன. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுத்துப் பேசியதே இல்லை. பால் கெடுவதில்லை. ஒன்று நடக்கிறது, அதைப் பிள்ளை கண்டுகொள்கிறது. முட்டை வெளியாகும் நாட்களை ஒட்டிப் பாலில் உப்புச் சத்து கொஞ்சம் ஏறுகிறது, சர்க்கரைச் சத்து கொஞ்சம் இறங்குகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் பீட்டர் ஹார்ட்மன் என்ற ஆய்வாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1980களில் இதை அளந்து சொன்னார்கள். பால் லேசாகக் கரிக்கும். அளவும் இரண்டொரு நாள் சற்றுக் குறைந்தாற்போல் இருக்கும். பிள்ளை வாய் வைத்துவிட்டு எடுக்கும், முகத்தைத் திருப்பும், அழும். அதைப் பார்த்துத்தான் நம் முன்னோர் பால் கெட்டுவிட்டது என்று எண்ணியிருக்க வேண்டும். அவர்கள் கண்டது சரி, எடுத்த முடிவு பிழை. விடாமல் அடிக்கடி மார்பில் போட்டால் சில நாளில் பிள்ளை பழையபடி குடிக்கும். ஒரு பக்கத்து மார்பு மட்டும் சிவந்து வலித்து, காய்ச்சலோடு அந்தப் பக்கத்துப் பால் மட்டும் கரித்தால் அது வேறு விஷயம். பால் கட்டி அழற்சியாகியிருக்கும், மருத்துவம் வேண்டும். அப்போதும்கூடப் பாலை நிறுத்த வேண்டியதில்லை.

அளத்தில் மாதவிலக்கின் அந்த மூன்று நாள் எப்படிப் போகும் என்பதை வெளியூர்க்காரர்களால் ஊகிக்க முடியாது. காலில் உப்பு வெடிப்பு, பாதத்தில் புண். தொடையிடுக்கில் வேர்வையில் ஊறிய துணி உரசி உரசித் தோல் உரிந்திருக்கும். அதன்மேல் உப்பு நீர் பட்டால் எரியும் எரிச்சலைச் சொல்லி முடியாது. மாற்றுவதற்கு ஒரு மறைவு வேண்டும், கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். கண்ணுக்கெட்டிய வரை வெட்டவெளி. ஒதுங்க இடமில்லை என்பதால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். தமிழக உப்பளங்களில் வெப்பத்தை ஆராய்ந்த சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்து ஆய்வாளர்களும் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்கள் தாகத்தை அடக்கிக்கொள்கிறார்கள், அதனால் சிறுநீர்க் கடுப்பும் நீர்க்குத்தலும் வருகின்றன. பால் கொடுக்கிறவளுக்கு இது இரட்டைக் கேடு. பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும் என்று வீட்டிலும் தண்ணீரைக் குறைப்பவர்கள் தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

அரசாங்கத்தின் புதுயுகம் திட்டம் 2012இல் தொடங்கியது. வளரிளம் பெண்களுக்குப் போலவே, அரசு மருத்துவமனையில் பிரசவித்த தாய்க்கும் நாப்கின் கொடுக்கிறது அந்தத் திட்டம். பிரசவ உதிரம் படும் நாட்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் ஏழாவது மாதத்திலோ பத்தாவது மாதத்திலோ திரும்பி வரும் மாதவிலக்குக்கு அவள் தன் கூலியில்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். துணி வைப்பவர்கள் பருத்தித் துணியாக வைத்து, நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டு அலசி, வெயிலில் காயப் போடுங்கள். யாரும் பார்க்கக் கூடாது என்று கூரை இடுக்கிலும் பாய்க்கு அடியிலும் காயப்போடும் துணியில்தான் கிருமி வளர்கிறது. இவ்வளவு வெயில் அடிக்கும் ஊரில் அந்தத் துணிக்கு மட்டும் வெயில் மறுக்கப்படுவது எனக்குப் பொறுக்கவில்லை.

ரத்தம். இதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரைக்குப் பொருளே இல்லை. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. கர்ப்பம் ஒரு பங்கு இரும்பை எடுத்துக்கொள்கிறது, பிரசவத்தில் ஒரு பங்கு போகிறது. பால் கொடுக்கும் மாதங்களில் உதிரம் நின்றிருப்பது, போன இரும்பை உடம்பு மெல்ல மெல்லச் சேர்த்துக்கொள்ளும் காலம். அளத்து வேலையால் பிள்ளையிடமிருந்து பிரிந்து, அந்தக் காலம் பாதியிலேயே முடிந்து, முதல் விலக்கும் அதிகமாகப் போனால் அந்தப் பெண்ணிடம் மிச்சம் என்ன இருக்கும்? தலையில் உப்புக் கூடையோடு வரப்பில் நடக்கும்போது கண் இருட்டுவதை வெயில் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கீழிமையை இழுத்துப் பாருங்கள், வெளுத்திருக்கும்.

பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் போட வேண்டும் என்று இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகக் கொடுக்கிறார்கள். அதைப் பரணில் பார்த்த வீடுகள் அதிகம். மலச்சிக்கல், கறுப்பாக மலம் போவது, குமட்டல் என்று நிறுத்திவிடுவார்கள். கறுப்பாகப் போவது இயல்பு, பயம் வேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் குறையும். டீயோடு போட்டால் இரும்பு உடம்பில் சேராது. கால்சியம் மாத்திரையையும் அதனோடு சேர்த்துப் போடக்கூடாது. நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் நல்லது. நம் கடற்கரையில் பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டும் காரப்பொடி மீன் குழம்பும் பூண்டும் கொடுக்கும் வழக்கம் மிக நல்ல வழக்கம். அது தீட்டு கழிகிற நாளோடு நின்றுவிடாமல், முருங்கைக்கீரையும் கேழ்வரகும் சேர்ந்து, அவள் வேலைக்குப் போகும் மாதங்களிலும் தொடர வேண்டும். கூடை சுமக்கத் தொடங்கியதும் பழைய சோறும் ஊறுகாயும் அவளுக்கு, மீன் மற்றவர்களுக்கு என்று ஆகிவிடுகிறதே, அதை மாமியார்தான் மாற்ற முடியும்.

மாதவிலக்கு வந்துவிட்டதே என்று வருந்துகிறவர்கள் ஒரு பக்கம். வராமலே இருக்கிறதே என்று யாரிடமும் சொல்லாமல் இருப்பவர்கள் இன்னொரு பக்கம். பிள்ளை நன்றாகப் பால் குடிக்கும்போது ஒரு வருடம், ஒன்றரை வருடம்கூட வராமல் இருக்கலாம். கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டால் கவலை வேண்டாம். ஆனால் பால் மறக்கடித்து மூன்று மாதம் ஆகியும் வரவில்லை என்றால் பார்க்க வேண்டும். பிரசவத்தில் உதிரம் கொட்டி, மயங்கி விழுந்து, ரத்தம் ஏற்றிப் பிழைத்த பெண்களை நான் தனியாகக் கவனிப்பேன். அந்த உதிரப்போக்கில் பிட்யூட்டரி சுரப்பிக்கு ரத்தம் போகாமல் அது பழுதாகிவிடுவது உண்டு. 1937இல் இதை விவரித்த ஷீஹன் என்ற மருத்துவரின் பெயராலேயே அந்த நோயை அழைக்கிறார்கள். அந்தத் தாய்க்குப் பால் சுரக்காது. மாதவிலக்கு திரும்பாது. எந்நேரமும் சோர்வு, குளிர் தாங்காமை, அக்குள் முடி உதிர்வது என்று நாள் போகும். வீட்டில் "சோம்பேறி" என்பார்கள், "ராசியில்லாதவள்" என்பார்கள். வருடக்கணக்கில் அப்படியே இருந்துவிட்டு, ஏதோ ஒரு காய்ச்சலில் மயங்கி விழும்போதுதான் நோய் தெரியவரும். மாத்திரையில் சரியாக வைத்துக்கொள்ளக்கூடிய நோய் இது. பெரிய உதிரப்போக்கு, பால் வராதது, விலக்கு திரும்பாதது என்ற மூன்றும் ஒருத்தியிடம் சேர்ந்தால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ ஜிப்மருக்கோ அழைத்துப் போய் ஹார்மோன் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

கருத்தடை முறைகளை விரிக்கப் போவதில்லை, செவிலியர் சொல்வார். இந்தப் பேச்சோடு சேர்ந்ததை மட்டும் சொல்கிறேன். காப்பர்-டி பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளோ ஆறு வாரத்துக்குப் பிறகோ போடலாம். அதில் உதிரம் கொஞ்சம் கூடும், ஆகவே ரத்த அளவைப் பார்த்துக்கொண்டு போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியில் விலக்கு தாறுமாறாகும், நின்றும் போகும். அது உடம்பில் கெட்ட ரத்தம் தங்குவதல்ல. சாயா மாத்திரையைப் பால் கொடுக்கிறவர்கள் தாராளமாகப் போடலாம். சாதாரணக் கருத்தடை மாத்திரை பாலைக் குறைக்கும் என்பதால் ஆறு மாதம்வரை வேண்டாம். குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவளுக்கும் விலக்கு வழக்கம்போல் வரும். ஆண்களுக்கான ஆபரேஷன் இதைவிட எளிது, தழும்புகூட இருக்காது. ஆனால் நம் மாநிலத்தில் அதைச் செய்துகொள்கிறவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. வாரி எடுத்த உப்பை எல்லாம் மனைவி தலையில் தூக்கி வைக்கும் ஆண்களிடம் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் இருக்கும் மகப்பேறு உதவி, பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்புள்ளது, பணம் தவணை தவணையாக வருகிறது. அந்தத் தொகை வயிற்றில் பிள்ளை இருக்கும்போது வேலைக்குப் போகாமல் இருக்கவும், பெற்ற பிறகு கொஞ்ச மாதம் பிள்ளையோடு இருக்கவும் கொடுப்பது. கம்பெனிப் பெண்களுக்கு 2017 முதல் 26 வாரச் சம்பள விடுப்பு கிடைக்கிறது. அளத்துப் பெண்ணுக்கு அது கிடையாது. ஆகவே அந்தப் பணத்தை வட்டிக்காரனிடமும் காதுகுத்துச் செலவிலும் விடாமல், அவளுக்கு ஆறு மாதக் கூலியாக நினைத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். தை மாதத்தில் பிறந்த பிள்ளையின் தாயை மாசியிலேயே அளத்துக்கு அனுப்பாதீர்கள்.

அரசிடம் ஒன்று கேட்க வேண்டும். 2015இல் தமிழகப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள், நல்ல காரியம். அப்படி ஒன்று ஆயிரக்கணக்கான ஏக்கர் அளம் விரிந்து கிடக்கும் இந்தக் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்திலும் வேண்டும். கழிப்பறையும் நல்ல தண்ணீரும் ஒரு தொட்டில் கட்டும் இடமும் உள்ள அறையாக அது இருக்க வேண்டும். அங்கன்வாடி திறப்பதற்குள் அளத்துப் பெண் தன் வேலையில் பாதியை முடித்துவிடுகிறாள். பிள்ளைகள் காப்பகம் விடிவதற்கு முன்பே திறந்தால்தான் அவளுக்குப் பயன்படும். பஞ்சாயத்துக் கூட்டத்தில் பெண்கள் சேர்ந்து எழுந்து இதைக் கேளுங்கள். மழைக்காலத்தில், வேலை இல்லாத மாதங்களில் கேட்டால்தான் ஜனவரியில் பாத்தி கட்டுவதற்குள் கூரையாவது போடுவார்கள்.